தடம் ஏற்கெனவே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே மலை சைக்கிள் ஓட்டிய அனுபவத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் 'நம் ஊரில் இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது' என்று ஒரு பெருமூச்சு விட்டிருந்தார் கட்டுரையாளர். அந்தப் பெருமூச்சுக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் திருப்பத்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் அது வாடகை சைக்கிள் கடை. இப்போது பஞ்சர் ஒட்டுவது, கோன் டைட் வைப்பது, பால்ரஸ் மாற்றுவது, ரிம் கோணல் எடுப்பது என்று ஓடுகிறது. சில வருஷமாக கியர் சைக்கிள்களும் வருகின்றன. முன்னால் ஸ்பிரிங், தடித்த டயர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். பையன் அதில் பள்ளிக்கூடமும் டியூஷனும் போவான், அவ்வளவுதான். மலைக்கென்று செய்த வண்டி மலையைப் பார்க்காமலேயே துருப்பிடித்து என் கடைக்கு வருகிறது. கடை வாசலில் நின்றால் ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. எனக்கு அந்த வண்டியைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறுவது என் வழக்கம். 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பழைய கறுப்பு சைக்கிளில் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் சுமார் இரண்டரைச் சுற்று சுற்றும்; அதில் ஏறினால் இரண்டாவது புலவரிடமே இறங்கித் தள்ள வேண்டியதுதான். மலை சைக்கிளின் சின்ன கியரில் ஒரு மிதிக்கு ஒரு சுற்றுகூட வராது. நடக்கிற வேகம்தான், ஆனால் நிற்காமல் ஏறிவிடலாம். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் வளைவில் மூச்சு வாங்கும்போது, எனக்கும் ஒரு தேர் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

ஆனால் இது தார்ச் சாலை. பின்னால் கார், எதிரே சுற்றுலா வேன், வளைவுக்கு வளைவு ஹாரன். உங்கள் கட்டுரையாளர் அனுபவித்தது இது இல்லை. அவர் சொல்வது மண் தடம். அது எங்களிடம் நிறையவே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஜவ்வாது மலையின் எங்கள் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள். நாடு என்றால் இங்கே மலை ஊர்களின் தொகுதி. தார்ச் சாலை வருவதற்கு முன்பு மலை ஜனங்கள் புளி, தேன், சாமை மூட்டைகளோடு இறங்கிய ஒற்றையடித் தடங்கள் இன்னும் இருக்கின்றன. ஊருக்கும் ஊருக்கும் நடுவே, கொல்லைக்கும் கொல்லைக்கும் நடுவே. பஸ் வந்தபிறகு அந்தத் தடங்களில் நடப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். உண்ணிச்செடி இரண்டு பக்கமும் சாய்ந்து மூடிக்கொண்டு வருகிறது. இன்னும் பத்து மழை போனால் எங்கே இருந்தது என்று காட்ட ஆள் இருக்காது.

அந்தத் தடங்களை வகுத்தவர்களின் கணக்கைப் பாருங்கள். மலைத் தடம் போடுகிறவர்கள் உலகம் முழுக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: தடத்தின் ஏற்றம், அந்தச் சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மொத்தமாகப் பார்த்தால் 100 அடிக்கு 10 அடி ஏற்றம் போதும். அப்புறம், தடத்தின் வெளி ஓரம் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். எல்லாம் தண்ணீருக்காகத்தான். மழைத் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகலாம், தடத்தின் மேலேயே நடக்கக் கூடாது. நடந்தால் தடம் வாய்க்காலாகிவிடும்.

புதூர்நாட்டுப் பக்கம் இந்த விதியை மீறிய பாதையையும் மதித்த தடத்தையும் அக்கம்பக்கமாகவே பார்த்தேன். ஒரு கொல்லைக்குப் போக ஜேசிபி வைத்து நேராக மேலே இழுத்த ஒரு பாதை. ஐப்பசி மழை முடிந்து போனபோது அதில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். வேர்கள் எல்லாம் வெளியே வந்து கம்பி மாதிரி நிற்கின்றன. அதற்குப் பத்தடி தள்ளி, சரிவைச் சுற்றிச் சுற்றிப் போகும் பழைய தடம். அதன் மண் அப்படியே இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் வெளி ஓரத்தில் பலகைக் கல் பதித்திருந்தார்கள். யார் பதித்தார்களோ, மாட்டுக் குளம்பு பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. பொதி சுமந்த மாட்டுக்குச் சுலபமாக இருந்த ஏற்றம்தான் சைக்கிளுக்கும் சுலபம்.

அங்கேதான் எனக்குப் பஞ்சர் ஆனது. சைக்கிள் கடைக்காரனுக்கே பஞ்சர் ஆனால் சிரிக்கத்தான் செய்வார்கள். கருவேல முள் பக்கவாட்டில் ஏறி இரண்டு ஓட்டை. டயரைக் கழற்றி உட்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் (முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் நூறு அடியில் மறுபடி இறங்கும்). தலையில் புளிக்கூடையோடு ஒரு பாட்டி வந்தார். தடத்தை நான்தான் அடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒதுங்கி முள்ளுக்குள் நின்றது அவர். "ஏம்பா, ரோடுதான் இருக்குது இல்ல, இதுல ஏன் உயிர வுட்டுக்கினு வர்ற?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஒதுங்கினேன். நியாயமாக நான் முதலில் செய்திருக்க வேண்டியது அது. எங்கே தடம் போட்டாலும் நடப்பவருக்கும் மாட்டுக்கும் சைக்கிள்காரன்தான் ஒதுங்க வேண்டும். தடத்தில் ஒரே ஒரு பலகை வைப்பதாக இருந்தால் இதைத்தான் எழுத வேண்டும் என்பேன்.

சரி, என்ன தடை என்று கேட்பீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்; அது இருக்க வேண்டிய சட்டம்தான். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு அதைப் பற்றி யாரும் வாதாட முடியாது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழித்தடங்களைத் திறந்தார்கள். முன்பதிவு, கட்டணம், கூட வருவதற்கு அந்தந்த மலையைச் சேர்ந்த இளைஞர்கள். நடப்பவனுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. சைக்கிள்காரனுக்கு மட்டும் எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியவில்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டேன். விளையாட்டுத் துறை என்றார்கள். அங்கே போனால் சுற்றுலா என்றார்கள். இதில் ஜவ்வாது மலை வேறு வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. பழைய வடாற்காடு மாவட்டமாகவே இருந்திருந்தால் ஒரே மனுவோடு போயிருக்கும்.

நடக்கிற பாதையையே சைக்கிளுக்கும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏலகிரியில் மங்களத்திலிருந்து சுவாமிமலை ஏறும் பாதை நடப்பவர்களுக்கே இருக்கட்டும். அதில் சைக்கிள் இறங்கினால் நடப்பவரும் விழுவார், ஓட்டுபவனும் விழுவான். காப்புக்காட்டுக்குள் போகாமலேயே தொடங்கலாம் என்கிறேன். ஜோலார்பேட்டையிலிருந்து ஆலங்காயம் வரை மலையடிவாரம் முழுக்க வண்டிப்பாதை, ஏரிக்கரை, மாந்தோப்பு, தென்னந்தோப்பு. மேலே போனால் சாமைக் கொல்லைகளும் பலா மரங்களும். திராட்சை வேண்டுமென்றால் கம்பம் போக வேண்டும். ஆனால் திராட்சை இல்லாததால் தடம் இல்லை என்று ஆகிவிடாது. ஸ்டெல்லன்போஷில் பல தடங்கள் தனியார் தோட்டங்களுக்குள்தான் போகின்றன. சைக்கிள்காரர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே 2004 முதல் இருவர் இருவராக எட்டு நாள் ஓட்டும் 'கேப் எபிக்' பந்தயமும் அந்த வட்டாரத்துத் தோட்டங்கள் வழியாகத்தான் போகிறது. இங்கேயும் பட்டாதாரரிடம் கேட்டு, சீட்டுக் காசில் அவருக்கும் ஊருக்கும் பங்கு கொடுத்தால் ஒத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். நானே நான்கு பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் மட்டும், மாங்காய் சீசனில் வேண்டாம் என்றார். அது சரிதானே.

தடம் போட ஜேசிபி வேண்டாம், மண்வெட்டியும் கடப்பாரையும் போதும். உண்ணிச்செடியை வெட்ட அந்த ஊர் ஆட்களுக்கே கூலி கொடுக்கலாம். கோடையில் தீப்பருவத்தில் மூடிவிட வேண்டும். ராத்திரி ஓட்டம் கூடவே கூடாது. கரடிக்காக மட்டும் சொல்லவில்லை. ஆலங்காயத்துக்கு மேலே காவலூர் வானாய்வு நிலையத்தில் 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடியோடு ஒரு தொலைநோக்கி இருக்கிறது. அதற்கு இருட்டு வேண்டும். யாராவது சைக்கிள் திருவிழா என்று ஃபோகஸ் லைட் போட்டுக் கெடுத்துவிடுவார்களோ என்பது என் பயம். ரிசார்ட்காரர்கள் கையில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஏலகிரி ஏரிப் பக்கம் போய்ப் பார்த்தாலே தெரியும்.

உங்கள் கட்டுரையாளரை ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூருக்கு அனுப்பிவையுங்கள். மார்கழி நல்ல மாதம். அவருடைய உயரத்துக்கு ஒரு வண்டி தயார் செய்து வைக்கிறேன், வாடகை வேண்டாம். டயருக்குள் விரலை ஓட்டி முள் தேடும் வேலை மட்டும் அவருடையது.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரர்,
திருப்பத்தூர்.