கேள்வி மட்டும் ஒலிபரப்பானால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பிராந்திய வானொலிகளின் ஊர்ப்பிரச்சினை நிகழ்ச்சிகளை விரும்பிக் கேட்பவன் நான். நேயர் தொலைபேசியில் வருவார். வெள்ள வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறது, ஒழுங்கையில் லைற் எரியவில்லை என்பார். "உரிய அதிகாரிகள் கவனத்தில் எடுப்பார்கள் என்று நம்புகிறோம்" என்பார் அறிவிப்பாளர். உடனே பாட்டு. அந்த வாய்க்காலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை.

2024 டிசம்பரில், சேற்றுத் தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பக்கம் உயிர்களைப் பறித்தபோது, முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் சனம் பயந்துபோனது. சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர் கைபேசியை எடுத்துப் பார்க்கமாட்டார். வரம்பில் வைத்த வானொலி அவருக்குக் கேட்கும். அப்படியான நேரத்தில் சுகாதார வைத்திய அதிகாரி ஒருவர் ஒரு மணித்தியாலம் கலையகத்தில் இருந்தால் எவ்வளவு உதவி! காலில் காயத்தோடு வயலில் இறங்கலாமா, தடுப்புக் குளிசையை யாரிடம் வாங்குவது, காய்ச்சல் காய்ந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கேட்பவருக்கு அங்கேயே பதில் கிடைக்கும். பக்கத்து வயல்காரரும் அதைக் கேட்பார்.

போரால் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாங்கள். கேட்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நேயரின் கேள்விக்கு வானொலியிலேயே பதில் சொல்வது நடக்காத காரியமும் அல்ல. மலையகத்தில் 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, பின்னாளில் நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி, அவர்களுக்கு விளங்கும் மொழியில் ஒலிபரப்பியது. அந்த அக்கறைதான் இங்கேயும் வேண்டும்.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே தேர்தலுக்குப் பிறகுதான் உறுப்பினர்கள் வந்தார்கள். இடையில் சனத்தின் குறையைக் கேட்க உறுப்பினர் யாரும் இல்லை. இப்போது சபைகளுக்குத் தலைமை தாங்கும் தவிசாளர்கள் இருக்கிறார்கள். கிழமைக்கு ஒருவரையாவது கலையகத்துக்குக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறைப்பாட்டையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, இரண்டு கிழமை கழித்து அதே நேயரை அழைத்து "வேலை முடிந்ததா?" என்று ஒலிபரப்பிலேயே கேளுங்கள். முடியவில்லை என்றால் ஏன் என்று தவிசாளரே சொல்லட்டும். நிதி இல்லை என்றால் அதையும் சனம் கேட்டு விளங்கிக்கொள்ளும்.

மாரி தொடங்கமுன் வெள்ள வாய்க்கால்களில் இருந்தே இதை ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
நேயர் ஒருவர்,
கோண்டாவில்.