மதிக்கு, லைப்சிக்கிலிருந்து

அன்புள்ள மதி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். ஜப்பானிய வகுப்பை நிறுத்திவிட்டேன், ஆபீஸில் ஆங்கிலத்திலேயே பேசிவிடுகிறார்கள், கடையில் கை காட்டினால் போதும் என்றாய். அப்புறம், 24 வயதில் குழந்தை மாதிரித் திக்கித் திணறிப் பேசப் பிடிக்கவில்லை என்றாய். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் சரி என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு என்னை விடவில்லை. இங்கே நான் பார்ப்பதெல்லாம் அதைப் பற்றியதாகவே இருக்கிறது. நேரில் சொன்னால் நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் நடக்கும் இந்த ஆசிரியர் பயிற்சிக்கு எகிப்து, ஜார்ஜியா, வியட்நாம், பிரேசில் என்று பல நாட்டிலிருந்தும் வந்திருக்கிறோம். எல்லாரும் அவரவர் ஊரில் ஜெர்மன் சொல்லித்தருபவர்கள். வெளிநாட்டு ஜெர்மன் ஆசிரியர்களைக் கூட்டி வைத்துப் பயிற்சி தருவது இந்த நாட்டில் புதிதல்ல. ஜெர்மன் மொழியை உலகெங்கும் சொல்லித்தரும் கோதே நிறுவனம் 1951இல் தொடங்கியபோது அதன் முதல் வேலையே இதுதான். லைப்சிக் பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஜெர்மன் சொல்லித்தர 1956இலேயே தனி நிறுவனம் வந்துவிட்டது. பின்னால் அதற்கு ஹெர்டர் என்கிற ஜெர்மன் சிந்தனையாளரின் பெயரை வைத்தார்கள். ஊருக்கே பழகிய தொழில் என்பதாலோ என்னவோ, டிராமில் நாம் வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கிறார்கள்.

முதல் நாள் அறிமுகம் முடிந்ததும் எங்கள் பயிற்சியாளர் ஒரு கூடையோடு வந்தார். "இனி முக்கால் மணி நேரம் ஜெர்மன் கிடையாது" என்று சொல்லிவிட்டு ஹங்கேரிய மொழியில் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். எங்களில் யாருக்கும் அதில் ஒரு சொல் தெரியாது. ஆப்பிளைத் தூக்கிக் காட்டி "எஸ் அல்மா" என்றார். திருப்பிச் சொன்னோம். "எஸ் மி?" என்றபோது, கேள்வி கேட்கிறார் என்பதே அவருடைய புருவத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. அடுத்து வெங்காயம், பால், ரொட்டி. கொஞ்ச நேரத்தில் மேஜையைக் கடையாக்கி, ஒவ்வொருவராக வந்து சாமான் வாங்கச் சொன்னார்.

கெய்ரோவிலிருந்து வந்த மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்து போனார். ஜெர்மன் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். ஆப்பிள் முன்னால் நிற்கிறார், உதடு அசைகிறது, குரல் வரவில்லை. கழுத்து சிவந்துவிட்டது. கடைக்காரராக நின்ற பிரேசில்காரர் அவசரப்படுத்தாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "அல்மா" என்று ஒரே ஒரு சொல் வந்தது. ஆப்பிள் கை மாறியது. யாரும் சொல்லாமலே நாங்கள் கைதட்டினோம்.

என் முறை வந்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. கோவையில் என்னிடம் படிக்கும் நர்ஸ் பிள்ளைகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தார்கள். இரவு முழுக்க ஐசியூவில் நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிற பெண்கள். இங்கே நர்ஸாக முழு அங்கீகாரம் கிடைக்கப் பெரும்பாலும் ஜெர்மனில் பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசும் நிலை, கேட்கிறார்கள். வென்டிலேட்டரைப் பதறாமல் கையாளுகிறவர்கள், பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் "டேர், டீ, டாஸ்" என்ற ஆர்ட்டிக்கிள்கள் என்றதும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அறிவு போதாமல் வருவதல்ல அது. தன் தொழிலில் கெட்டிக்காரியாக இருப்பவளுக்குத்தான் இன்னொரு மொழியில் அரைகுறையாக நிற்க அதிகக் கூச்சம் வரும். உனக்கும் அதுதான் என்று நினைக்கிறேன், மதி. மெஷின் டிசைனில் உன்னை யாரும் அசைக்க முடியாது. அப்படிப்பட்டவள் மளிகைக் கடையில் ஒன்றும் தெரியாதவள் போல நிற்பதை உன்னால் தாங்க முடியவில்லை.

இரண்டாவது வாரம் வெளியே ஒரு வகுப்பைப் பார்க்க அனுப்பினார்கள். குடியேறி வந்தவர்களுக்காக அரசு நிதியில் நடக்கும் பாடம். மொழிக்கு 600 பாடவேளை, நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறைக்கு 100 பாடவேளை. ஒரு பாடவேளை 45 நிமிடம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கிளினிக்குக்குப் போன் செய்து நேரம் வாங்கிய கதையைச் சிரியாக்காரர் ஒருவர் சொன்னார். வினைச்சொல் வரவேண்டிய இடத்தில் வரவில்லை, பெயருக்கு முன் ஆர்ட்டிக்கிள் இல்லை. ஆசிரியை குறுக்கிடவே இல்லை. மடியில் ஒரு துண்டுத் தாள், அதில் மட்டும் ஏதோ குறித்துக்கொண்டார். ஓர் இடத்தில் அந்தச் சிரியாக்காரர் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டார். வகுப்பே மௌனம். ஆசிரியை எடுத்துக் கொடுக்கவில்லை, தலையசைத்தபடி காத்திருந்தார். அந்த மௌனம் எனக்கு நீளமாகத் தெரிந்தது. அவரே சொல்லைக் கண்டுபிடித்துத் தொடர்ந்தார்.

கதை முடிந்ததும் ஆசிரியை கேட்ட முதல் கேள்வி: "இப்போது குழந்தைக்கு எப்படி இருக்கிறது?" அதற்கு அவர் பதில் சொன்ன பிறகுதான் பலகைக்குப் போனார். துண்டுத் தாளில் இருந்த வாக்கியங்களை யார் பெயரும் இல்லாமல் எழுதினார். வகுப்பே சேர்ந்து திருத்தியது. இத்தனை வருடம் இந்த வேலை பார்க்கிறேன், அந்த ஒரு கேள்விக்காகவே இவ்வளவு தூரம் வந்தது தகும். இங்கே காட்டுவதெல்லாம் கோவைக்கு அப்படியே ஒத்துவராது. நம்மிடம் வகுப்பும் பெரிது, தேர்வுத் தேதியும் தலைக்கு மேல் நிற்கும், இலக்கணத்தைக் கைவிட முடியாது. ஆனால் முதலில் ஆளைக் கேள், பிறகு வாக்கியத்தைத் திருத்து என்பதற்கு என்ன செலவு?

சனிக்கிழமை பக்கத்து ஊரான ஹாலேக்குப் போயிருந்தேன். பிராங்கே என்கிற பாதிரியார் 1698இல் தொடங்கிய கல்வி வளாகம் அங்கே இருக்கிறது. இன்றும் அதற்குள் பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன. மதம் பரப்பத் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் ஹாலேயில் படித்தவர். பள்ளியில் அவரைப் பற்றி ஒரு வரி படித்திருப்பாய். 1682 ஜூலை 10 அன்று பிறந்தவர், 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். மறுநாள் அவருக்கு 24 முடிகிறது. உன் வயதுதான். தமிழ் கற்க என்ன செய்தார் தெரியுமா? ஊர்த் திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பொடிசுகளுக்கு நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். அழகப்பன் என்கிற துபாஷியும் (மொழிபெயர்ப்பாளர்) அவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1708இல் தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே எழுதிவிட்டார். தமிழ் அச்செழுத்துகளை ஹாலேயில் வார்த்துக் கடல் வழியே அனுப்பினார்கள். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறியது. மறு வருடம் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஹாலேயில் வெளிவந்தது. அந்த வளாகத்தின் காப்பகத்தில் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன.

அவர் எதற்காக வந்தார் என்பதில் உனக்கும் எனக்கும் வேறு அபிப்பிராயம் இருக்கலாம், அது இருக்கட்டும். பல்கலைக்கழகம் பார்த்த ஒருவர் ஆறேழு வயதுப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்தாரே, அதைத்தான் அந்த முற்றத்தில் நின்று ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் கேட்கிறேன். ஜப்பானிய மொழிக்கான என்3 நிலைத் தேர்வு எழுத வேண்டாம், அதற்கு நான் வற்புறுத்தமாட்டேன். வகுப்புக்கு மட்டும் திரும்பப் போ. லிஃப்டில் தினமும் உன்னிடம் ஏதோ கேட்பார்களே, அந்தக் கீழ்வீட்டுப் பாட்டி, அவரிடம், உனக்குத் தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டே பதில் சொல்லிப் பார். தப்பாகவே சொல். இப்போதிருக்கும் டீச்சர் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தித் திருத்துகிறவராக இருந்தால், முடிக்கும்வரை காத்திருக்கிற வேறு ஒருவரைத் தேடு. அந்தச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வரும் வெள்ளியோடு பயிற்சி முடிகிறது. திங்கட்கிழமை வீட்டில் இருப்பேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், வந்த முதல் வாரம் வகுப்பு நேரம் மாறும் என்று. உனக்குக் குளிருக்குக் கம்பளிச் சாக்ஸ் வாங்கியிருக்கிறேன், தபாலில் அனுப்புகிறேன். அடுத்த வகுப்பு எப்போது ஆரம்பம், எந்தக் கிழமை என்று விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா