7.32 மணிக்கு அடித்த துக்கமணி: ஒரு நன்றி மடல்

அன்புள்ள பங்கு மக்களுக்கும், பங்கைச் சேராமலேயே எங்களோடு வந்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குப் பலியானவர்களை நினைத்து ஆகஸ்ட் 6 முதல் 9 வரை நாம் நடத்திய நான்கு மாலை விழிப்புக்கான நன்றி மடல் இது. நன்றிக்கு முன்னால் ஒரு மன்னிப்பு. 2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை காலை 7.32-க்குக் கோயிலில் துக்கமணி அடித்ததும் பாதி ஊர் பதறிக்கொண்டு ஓடி வந்தது. வடக்குத் தெருப் பாட்டி ஒருவர் தலையைக்கூட முடியாமல், உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கையில் பிடித்தபடி வந்து, "யாருய்யா போனது?" என்றார். மணி அடிக்கப்போவதை முந்தின நாள் பூசையில் அறிவித்திருக்க வேண்டும். அறிவிப்புச் சீட்டை எழுதியது நான். மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. தயவுசெய்து மணி அடித்த கோயில்பிள்ளையை, அதாவது நம் கோயில் பணியாளரை, திட்ட வேண்டாம்.

அவர் பாட்டிக்குச் சொன்ன பதில் இதுதான்: "நாகசாகியில எண்பது வருசம் முன்னால செத்தவங்களுக்கு, பாட்டி." பாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் வெங்காயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, சிலுவை அடையாளம் போட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் போகவில்லை. அன்றைக்கு முதல் ஆளாக விழிப்பைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். பாட்டிக்கு முதல் நன்றி.

"நம்ம ஊர்ல நூறு கவலை கிடக்கு, ஜப்பான்காரனுக்காக நாம ஏன் நடுரோட்டில் நிக்கணும்?" என்று கூட்டத்தில் கேட்டவர்களுக்கும் நன்றி. அந்தக் கேள்வி வந்த பிறகுதான் நாங்களே உட்கார்ந்து படித்தோம். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து நம் முன்னோருக்குச் செபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார்தான் 1549-இல் ஜப்பானில் போய் இறங்கியவர். அவர் தொடங்கிவைத்த விசுவாசத்தை, பிறகு வந்த தடைக்காலத்தில் குருக்களே இல்லாமல் இருநூறு வருடத்துக்கு மேல் வீட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றியவர்கள் நாகசாகியின் உராக்காமிப் பகுதி மக்கள். ஆகஸ்ட் 9, 1945 காலை 11.02-க்கு அணுகுண்டு வெடித்தது அவர்கள் கட்டிய பேராலயத்துக்குச் சுமார் 500 மீட்டர் தூரத்தில். மாதா விண்ணேற்புத் திருவிழா நெருங்குகிறதே என்று பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, உள்ளே சனம் வந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த குருவானவர்களோடு எல்லோரும் இறந்தார்கள். அந்தப் பங்கில் சுமார் 12,000 பேர், போனவர்கள் சுமார் 8,500 பேர். ஒரே ஞானத்தகப்பன் வைத்த இரண்டு வீடு. அங்கே சாவு விழுந்தால் இங்கே மணி அடிக்கத்தானே வேண்டும்? அங்கே 11.02 என்றால் நமக்கு 7.32.

உராக்காமிக் கோயிலுக்கு இரண்டு மணிகள் இருந்தன. ஒன்று நொறுங்கியது. மற்றொன்றை இடிபாட்டுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, அந்த வருடக் கிறிஸ்துமஸ் இரவிலேயே அடித்தார்கள். நொறுங்கியதற்குப் பதிலாக அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் காசு சேர்த்து ஒரு மணி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆகஸ்ட் 9-ஆம் தேதி அதே 11.02-க்கு தப்பிய பழைய மணியும் இந்தப் புது மணியும் சேர்ந்து அடித்தன; அங்கே இரட்டை மணி ஒலித்தது எண்பது வருடத்துக்குப் பிறகு. நம் கோயில்பிள்ளை கயிற்றை இழுத்ததும் அந்த நிமிடத்தில்தான். காலை ஆறு மணியிலிருந்து செல்போனையும் சுவர்க்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அவருக்கு இன்னொரு சேதியும் சொன்னேன். ஹிட்லரின் படையில் சேர்ந்து போரிட மாட்டேன் என்று மறுத்ததற்காக 1943-இல், அதுவும் ஆகஸ்ட் 9 அன்றுதான், ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யாகர்ஸ்டாட்டரின் தலையை வெட்டினார்கள். 2007-இல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கிடைத்தது. அவரும் தன் ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை வேலை பார்த்தவர். நம்மவர் இதைக் கேட்டுவிட்டு, "அவருக்கும் சம்பளம் கம்மியாத்தான் இருந்திருக்கும்" என்றார். நிதிக்குழுவில் இருப்பவர்கள் கவனிக்கவும்.

சரி, நான்கு நாள் மாலைக்கு வருகிறேன். 6-ஆம் தேதி ஹிரோஷிமா நாள். ஆண்டவரின் உருமாற்றத் திருவிழாவும் அன்றைக்குத்தான்; உருமாற்றத்தின் வெளிச்சத்தையும் குண்டின் வெளிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம் பாதர் கொடுத்த பிரசங்கத்துக்கு நன்றி. எட்டே நிமிடத்தில் முடித்ததற்குத் தனி நன்றி. பூசை முடிந்து பஸ் ஸ்டாப்பில் சிலுவை வைத்த குருசடிக்குப் போனோம். பதினான்கு பேர். சும்மா நிற்பது நம் சனத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்தாவது நிமிடம் யாரோ மெதுவாக "பிதா சுதன்" என்று ஆரம்பித்தார்கள். பத்தாவது நிமிடம் மாதா பாட்டு. செபமாலை சொல்லலாம், பாடலாம், எதுவும் தவறில்லை. ஆனால் முதல் அரைமணி பேசாமல் நிற்பது என்று முடிவு செய்திருந்தோம். இரண்டாம் நாளிலிருந்து பழகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்கூட, என்ன ஏது என்று கேட்காமல் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்கள். அவர்கள் பெயர் ஒன்றுமே எங்களுக்குத் தெரியாது.

ஆடிக் காற்றில் அம்மியே நகரும்போது மெழுகுதிரி எம்மாத்திரம். ஏற்றிய பதினான்கும் முதல் நாள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. டீக்கடை அண்ணாச்சி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் சாயங்காலம் போனால், காலித் தண்ணீர் பாட்டில்களை இடுப்பளவில் வெட்டி, அடியில் ஒரு கைப்பிடி மணல் போட்டு, நாற்பது கூண்டு வரிசையாக வைத்திருக்கிறார். வெட்டின விளிம்பு கையைக் கிழிக்கும் என்று ஒவ்வொன்றையும் நெருப்பில் காட்டி மழுக்கியிருந்தார். அண்ணாச்சி வருடம் தவறாமல் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர். "விளக்கு அணையக் கூடாதுல்லா டீச்சர்" என்றார், அவ்வளவுதான்.

மைக்செட் தம்பிக்கு நன்றி. வேலையில்லை என்று சொன்ன மூன்று நாளும் வந்து கையைக் கட்டி நின்றார், நான்காம் நாள் பாதி வாடகைதான் வாங்கினார். காகிதக் கொக்கு மடித்த சிஸ்டர்மார் பள்ளிப் பிள்ளைகளுக்கும், போக்குவரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்ட காவலருக்கும் நன்றி. பேனரில் 1945 என்பதை 1954 என்று அடித்துக்கொடுத்த அச்சகத்துக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. அதைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டிய எட்டாம் வகுப்புப் பையனுக்குச் சொல்கிறேன்.

இனி இரண்டு பேர். ஒருவர், மகன் எல்லையில் ராணுவத்தில் இருக்கும் அக்கா. மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய அந்த நான்கு நாள், போனைக் கையில் வைத்துக்கொண்டு மாதா சொரூபம் வைத்த கெபியின் முன்னாலேயே கிடந்தார். "ரெண்டு பக்கமும் அந்தக் குண்டு இருக்காமே டீச்சர்" என்று ஒரு ராத்திரி என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்த விழிப்பை நடத்த வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

இன்னொருவர், முன்னாள் படைவீரரான நம் மாமா. எங்களோடு அவர் துளியும் ஒத்துப்போகவில்லை. "1998-ல பொக்ரான்ல வெடிச்சதாலதான் நம்மள ஒருத்தன் தொட யோசிக்கிறான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமில்லை, வைத்திருப்பதே ஒழுக்கக்கேடு என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2019-இல் ஹிரோஷிமாவில் பேசியதை எடுத்துச் சொன்னோம். "பாப்பரசர் சொல்றது எனக்குக் கேக்குது, பக்கத்து நாட்டுக்காரனுக்குக் கேக்கணுமே" என்றார். பதில் சொல்லப் பார்த்தேன், சரியாக வரவில்லை. ஆனால் நான்கு மாலையும் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து, அரைமணி நேரமும் அசையாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். ஏன் வந்தீர்கள் என்று கடைசி நாள் கேட்டேன். "கூட இருந்தவனுங்க ரெண்டு பேர் திரும்பி வரல. அவனுங்களுக்கு நிக்க வேற எடம் இல்ல" என்றார். மாமா, நம் சண்டை அடுத்த வருடமும் தொடரட்டும். உங்கள் இடம் குருசடிக்கு வலது பக்கம், அப்படியே இருக்கும்.

கடைசி இரவு நூற்றுக்கு மேல் வந்தீர்கள். கூண்டு பற்றாமல் ஒரு விளக்குக்கு மூன்று பேர் என்று நின்றோம்.

கணக்கு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது. மீதி 640 ரூபாய், அன்பியங்கள் (பங்கின் தெருவாரிச் செபக் குழுக்கள்) கூடி முடிவு செய்யட்டும். மறந்து விட்டுப்போன இரண்டு குடை, ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, நீல வார் வைத்த சின்னப் பிள்ளைச் செருப்பு ஒற்றைக்கால் ஒன்று, நான்கும் கோயில்பிள்ளையிடம் இருக்கின்றன. வருகிறவர்கள் காலைப் பூசை முடிந்து வரவும். மத்தியானம் தூங்குவார்.

விழிப்பு ஏற்பாட்டுக் குழுவுக்காக,
உங்கள் டீச்சர்