48 மணி நேரத்துக்குப் பின்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகள் நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதனால் உயிர் பிழைத்தவர்களில் என் மகனும் ஒருவன் என்பதால் நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால், பிழைத்து வந்தவனோடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பார்த்தபின், அந்த 48 மணி நேரத்துக்கு அப்பால் தலைக்காயத்தைப் பற்றி நம்மிடம் பேச்சே இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவன் வீடுகளுக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன். பைக்கிலிருந்து விழுந்து மருத்துவமனையில் சேர்த்தபோது கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 10 என்று குறித்தார்கள். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் தரும் அந்த முறையை 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் இருவர் வகுத்தார்கள். 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான காயம், 13இலிருந்து லேசானது, என் மகனுடையது இடைப்பட்டது. அது அன்றைய நிலையைச் சொல்லுமே தவிர, அவன் மறுபடி ஒரு வீட்டுக்கு வயரிங் செய்து முடிப்பானா என்பதைச் சொல்லாது. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் வலிப்பு மாத்திரையின் அளவும் தையல் பிரிக்கும் தேதியும் இருந்தன. நினைவைப் பற்றியோ, கோபத்தைப் பற்றியோ, சோர்வைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை.

தையல் ஆறியது, நடந்தான், பேசினான், ஊரார் “ஆள் நல்லாத்தானே இருக்கான்” என்றார்கள். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு வாசனை தெரியவில்லை என்பதை நாங்கள் மூன்றாம் மாதத்தில்தான் கண்டுகொண்டோம். மண்டைக்குள் மூளை குலுங்கும்போது மூக்கிலிருந்து செல்லும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்துபோகக்கூடும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால், கேஸ் கசிவைப் பற்றியாவது எச்சரிக்கையாக இருந்திருப்போம். காலையில் எழுந்தவன், குளி என்று சொல்லும்வரை கட்டிலிலேயே இருப்பான்; சொன்னால் உடனே எழுந்து போவான். இதைச் சோம்பல் என்று நானே பலமுறை திட்டியிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். எனக்கே இது புரியவில்லை. ஒரு செயலைத் தொடங்குவதும், வரிசையாகச் செய்து முடிப்பதும், எரிச்சலை அடக்குவதும் மூளையின் முன்பகுதி பார்க்கிற வேலைகள் என்பதையும், அப்பகுதி அடிபட்டால் அறிவு குறையாமலே இவை மட்டும் குறையலாம் என்பதையும் பிற்பாடு ஒரு நரம்பியல் மருத்துவர்தான் விளக்கினார். அதற்குள் உறவினர் சிலர் செய்வினை என்று சொல்லி மந்திரிக்கவும் அழைத்துப் போயிருந்தார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாத இடத்தில் ஏதாவதொரு விளக்கம் வந்து உட்காரத்தானே செய்யும்?

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான முகாமில் கையைத் தூக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், அறிவுத்திறன் தேர்வு ஒன்றும் வைத்தார்கள். எல்லாவற்றிலும் தேறிவிட்டான். அமைதியான அறையில், எதிரே ஒருவர் அமர்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான். அடுத்து என்ன செய்வதென்று அங்கே அவன் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நிற்பதை முகாமில் யாரும் பார்க்க முடியாது. கூட இருந்து பார்க்கும் அவன் மனைவியிடம் எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைக் குறிப்பிடுகிறது. தலைக்காயத்தின் பெயர் அவற்றில் தனியாக இல்லை. ஆனால் நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளைச் சொல்லும் இடத்தில் அந்தச் சட்டம் பார்க்கின்சன் நோய் ‘போன்றவை’ என்று எழுதுகிறது. அந்த ஒரு சொல் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. புதிய வகையை அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கே உண்டு என்பதை அறிவேன். தலைக்காயத்தைத் தனி வகையாகச் சேர்க்கும்படி மாநில அரசு முறைப்படி கேட்க வேண்டும். அதுவரை, இத்தகையவரை மதிப்பிடும் மருத்துவக் குழுவில் மூளைப் பாதிப்பு நினைவையும் நடத்தையையும் எப்படி மாற்றுகிறது என்பதைச் சோதித்தறியும் நரம்பு உளவியலில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கவும், குடும்பத்தாரின் வாக்குமூலத்தை எழுதிப் பெறவும் உத்தரவிட வேண்டும்.

மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் நான் கேட்பது இன்னும் எளிது. தலைக்காயத்தோடு வீடு திரும்பும் ஒவ்வொருவரின் கையிலும், வரக்கூடிய மாற்றங்களை எளிய தமிழில் சொல்லும் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். ஸ்கேன் இயல்பாக இருந்து, லேசான அடி என்று அன்றே அனுப்பப்படுபவருக்கும் கொடுங்கள். நுண்ணிய நரம்பிழைகள் சேதமடைந்திருந்தால் சி.டி. ஸ்கேனில் அது தெரியாமலே போகலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் எங்கள் தெருவுக்கு மாதந்தோறும் வருகிறார். என் மனைவிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என் மகனைத் தாண்டித்தான் போகிறார். அவனிடமும் வீட்டாரிடமும் கேட்க நான்கு கேள்விகளை அவருக்குப் பயிற்றுவித்தால் போதும்: தூக்கம் எப்படி, கோபம் எப்படி, வாசனை தெரிகிறதா, தொடங்கிய வேலையை முடிக்கிறாரா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.