மூன்று கணவாய்கள், ஒரு சின்னக் கார்

டேய் நண்பா,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, சின்னவளின் பரீட்சை முடிந்ததா, இதையெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா கணவாய்க்குப் போய் வந்துவிட்டேன். ஆமாம், நாம் படம் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அதே ஃபுர்கா. பக்கத்துக் கணவாய்களான கிரிம்செல், சூஸ்டன் இரண்டும் கூடவே, ஒரே பகலில். நம் சிநேகிதன் நெட்டையின் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5இல், இரண்டு பேர் உட்காரும் அந்தச் சின்னக் காரில்.

கோபப்படாதே, உன்னைக் கூப்பிட அவகாசமே இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி நெட்டை போன் செய்து, "மழை விட்டுவிட்டது, நாளைக்கு வானம் சுத்தமாக இருக்குமாம், கணவாய் மூன்றும் திறந்திருக்கின்றன, கிளம்பு" என்றான். அவ்வளவுதான் திட்டம். உன் பட்டியல், உன் வரைபடம், எந்த மணிக்கு எந்த வளைவு என்று நீ போட்டு வைத்த அட்டவணை எதுவும் இல்லாமல் விடியும் முன் கிளம்பிவிட்டோம்.

வழி உனக்கு மனப்பாடம்தான், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதும்போது மறுபடி ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. ஆண்டர்மாட்டில் ஆரம்பித்து ரியால்ப் தாண்டி ஃபுர்கா ஏறி, கிளெட்ச்சில் இறங்கி, அங்கேயே திரும்பி கிரிம்செல் ஏறி, இன்னர்ட்கிர்ஷென் வரை இறங்கி, சூஸ்டனைக் கடந்து வாஸென் வந்து, ஷொல்லெனென் மலையிடுக்கு வழியாக மேலே ஏறினால் மறுபடி ஆண்டர்மாட். சுமார் 120 கிலோமீட்டர். அவசரப்பட்டால் சீக்கிரம் முடித்துவிடலாம், ஆனால் எங்களுக்குப் பகல் முழுவதும் போதவில்லை.

இப்போது நம் பழைய சண்டைக்கு வருகிறேன். மலைக்கு 400 குதிரைத்திறனாவது வேண்டும் என்று நீ சொல்லிச் சொல்லியே அந்தச் சிவப்பு ராட்சசனை வாங்கிப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறாய். நெட்டையின் வண்டி 1989இல் வந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோவைத் தொடாது. அதிலும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிடையாது. ஃபுர்காவின் உச்சி 2,429 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். இருக்கிற கொஞ்சத்திலும் கால்வாசி போனால் என்ன மிஞ்சும் என்று கேட்பாய். எல்லாம் மிஞ்சியதடா! இரண்டாவது கியரில் எஞ்சினைக் கத்த விட்டு, வளைவுக்கு முன்னால் ஒரு தட்டு பிரேக், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு தானாக உள்ளே போகிறது, வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கலாம், முழுசாக மிதித்தாலும் சட்டம் சொல்லும் 80 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் அடுத்த கொண்டை ஊசி வளைவு வந்துவிடுகிறது. உன் வண்டியில் அதே இடத்தில் கால் கட்டைவிரலை மட்டும் வைத்துக்கொண்டு பயந்து பயந்து ஓட்ட வேண்டியிருக்கும். மலையில் வண்டியின் முழுத் திறனையும் பயன்படுத்தி ஓட்டுவதில்தான் சுகம், அதற்கு வண்டியின் திறன் சின்னதாக இருக்க வேண்டும். இதை உனக்கு நேரில் காட்டாமல் விடமாட்டேன்.

ரியால்ப்புக்கு மேலே பாதை ஒடுங்கிவிடுகிறது. ஓரத்தில் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது, குட்டையான கற்கள்தான், அதற்கு அப்பால் ஆகாயம். அங்கே ஒரு வளைவில், மலையூர்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் மஞ்சள் தபால் பஸ் இறங்கி வந்தது. அதன் மூன்று சுர ஹாரன் முன்னாடியே கேட்டதால் நாங்கள் மெதுவாகிவிட்டோம். பொதுவாக இறங்குகிற வண்டிதான் பின்வாங்க வேண்டும், ஆனால் மஞ்சள் ஊதுகொம்பு போட்ட நீலப் பலகை வைத்த மலைச்சாலையில் தபால் பஸ் டிரைவர் கை காட்டுவதுதான் சட்டம். அவர் எங்களைப் பின்னால் போகச் சொன்னார், நெட்டை கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே ஒதுங்கும் இடம் வரை பின்னால் எடுத்தான். அவ்வளவு பெரிய பஸ்ஸை அந்த மனிதர் எங்களிடமிருந்து ஒரு சாண் இடைவெளியில் பதற்றமே இல்லாமல் கொண்டுபோனார் பார், அப்படி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசையாகிவிட்டது.

உச்சி தாண்டிக் கொஞ்சம் இறங்கியதும் ரோன் பனியாறு. அங்கேதான் நான் பேசாமல் ஆகிவிட்டேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பனி கிளெட்ச் பள்ளத்தாக்கின் தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது மேலே மேலே ஏறி ஒளிந்துகொண்டிருக்கிறது, அடிவாரத்தில் உருகிய தண்ணீர் ஏரியாக நிற்கிறது. பனிக்குகைப் பக்கம் வெயில் படாமல் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் போர்த்தியதுபோல் இருந்தது. வளைவில் நிற்கிற பெல்வெடேர் விடுதி, நம் சுவரில் ஒட்டியிருந்த அதே கட்டடம், சில வருடங்களாகவே மூடிக் கிடக்கிறது. இத்தனைக்கும் ஜெனீவா ஏரியை நிறைத்து மத்தியதரைக் கடல் வரை ஓடுகிற ரோன் நதி இங்கேதான் பிறக்கிறது. பெட்ரோல் எரித்துக்கொண்டு வந்து அதைப் பார்க்கிறோமே என்று நெட்டை சொன்னான். சொன்னது சரிதான், என்னிடம் பதில் இல்லை. "ரிட்டையர் ஆன பிறகு போவோம்" என்று நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாயே, அதுவரை இந்தப் பனி இதே இடத்தில் இருக்காது.

கிரிம்செல்லைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 2,164 மீட்டர், வழுவழுப்பான கருங்கல் பாறை, அணைகள், இடையில் சாம்பல் பச்சையில் தண்ணீர். இறக்கம் நீளம். ஆனால் அந்த இறக்கத்தில்தான் முன்னால் போன ஒரு பெரிய காரிலிருந்து பிரேக் தீய்ந்த வாசனை வந்தது. பிரேக் விளக்கு அணையவே இல்லை, காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இதை உனக்கு நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, நீயும் அப்படித்தான் இறங்குவாய். ஏறிய கியரிலேயே இறங்கு, எஞ்சின் பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்தமாகப் பிரேக் போட்டு விட்டுவிடு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற ரகத்துப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகி, மிதித்த பெடல் தரைக்குப் போகும். உன் வண்டி எடையும் அதிகம், ஓடாமல் வேறு நிற்கிறது. மாற்று. இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

சூஸ்டன்தான் ராஜா. நீ இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயை, ஸ்டெல்வியோ, ஸ்டெல்வியோ என்று ஜபிக்கிறாய். 2,757 மீட்டர், 48 வளைவு, 1825இல் முடித்த அதிசயம், எல்லாம் சரி. ஆனால் அது குதிரை வண்டிக்காகப் போட்ட பாதை. சூஸ்டனை 1938க்கும் 1945க்கும் நடுவில் மோட்டார் வண்டிகளை நினைத்தே கட்டினார்கள், அது ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது. வளைவு அகலமாகத் திறக்கிறது, அடுத்தது எங்கே போகிறது என்று முன்கூட்டியே காட்டுகிறது, கைக்கு ஒரு தாளம் வந்துவிடுகிறது. பாறையைக் குடைந்த சின்னச் சுரங்கங்களில் கூரையைத் திறந்துவிட்டு நுழைந்தபோது அந்தச் சின்ன எஞ்சினின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததில் நானும் நெட்டையும் ஒன்றாகக் கத்திவிட்டோம். இத்தனை வருஷத்தில் அவன் கத்தி நீ பார்த்திருக்கிறாயா?

அக்டோபருக்கு அப்புறம் பனி விழுந்து பாதையை மூடிவிடுவார்கள், பிறகு ஜூன் மாதிரிதான் திறப்பார்கள். அதனால் செப்டம்பரில் வானம் தெளிகிற முதல் சனிக்கிழமை, முந்தின ராத்திரி போன் வரும், எடு. லீவு, அட்டவணை என்று ஆரம்பிக்காதே. நெட்டையும் வருகிறான், வண்டியும் தருகிறான். ராட்சசனையும் கொண்டு வா, பாதி வழியில் மாற்றி ஓட்டுவோம், அப்புறம் 400 குதிரையைப் பற்றிப் பேசு.

பிரேக் ஆயில் மாற்றியாயிற்றா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

உன் நண்பன்