இரவு இரண்டு மணிக்கு வந்த செவிலியர் அக்காவுக்கு

பிரசவமான மூன்றாம் நாள் நள்ளிரவில் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தீர்களே, அக்கா, உங்களுக்குத்தான் இந்த நன்றி. அன்று உங்கள் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

சிசேரியன் தையல் வலி, காம்பில் வெடிப்பு. வாய் வைத்ததுமே குழந்தை கதறி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “பால் பற்றவில்லை, புட்டிப்பால் கொடுத்துவிடு” என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன்.

மார்பைத் தொட்டதுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது. பால் இல்லாமல் இல்லை, கல்லாகக் கட்டியிருந்தது. வெந்நீரில் பிழிந்த துணியை ஒற்றி, கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்தீர்கள். மார்பு இளகிய பிறகு, தையலில் படாதபடி குழந்தையை என் அக்குளுக்கடியில் பக்கவாட்டில் கிடத்தினீர்கள். அவள் வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்போடு கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வ வைத்தீர்கள். அவள் முகவாய் என் மார்பில் அழுந்தியது. விழுங்கும் சத்தம் மெல்லக் கேட்டது. “கேட்டதா, கண்ணு?” என்றீர்கள். நான் அழுதுவிட்டேன்.

பீய்ச்சிய பாலையும் வீணாக்காமல் பாலாடையிலேயே புகட்டினீர்கள்.

இப்போது அவளுக்கு ஐந்து மாதம். பால் குடிக்கும்போது என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள், அக்கா.