கோட்டைப் பாதையில் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தென் பிரான்சில் துலூஸிலிருந்து கோர்பியேர் மலைக்குக் காரில் போகப்போவதாகச் சொன்னாய். ஒரே நாளில் நாலு கோட்டை என்ற கணக்கை விட்டுவிடும்மா. பேர்பெர்த்யூஸும் கெரிபூஸும் பார்த்தாலே ஒரு நாளுக்கு நிறைவு.

கியான் ஊரிலேயே டேங்கை நிரப்பிக்கொள். அதற்கப்புறம் சின்னக் கிராமங்களில் பங்க் கிடைப்பது அரிது. பம்பில் ‘கசோல்’ என்று இருப்பது டீசல். பெயரைப் பார்த்துப் பெட்ரோல் என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. வட்டத்துக்குள் ஈ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதே. ஸ்டார்ட் செய்யாதவரை டேங்கைக் காலி செய்வதோடு போகும்.

கிராமத்துக்குள், பலகையோ கோடோ இல்லாத முனையில், வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கே முதல் உரிமை. எவ்வளவு குறுகலான சந்தாக இருந்தாலும் அவர் நிற்க மாட்டார், நீதான் நிற்க வேண்டும். மலையில் இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லையென்றால் இறங்குகிற வண்டி முதலில் நிற்கணும், பின்னால் போவதும் பெரும்பாலும் அதன் பொறுப்பு. இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வா. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிமானம் போய்விடும்.

மோரி ஊரிலிருந்து ஏறும்போது கெரிபூஸ்தான் முதலில் வரும். அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்; இப்போது தாண்டி, குக்குன்யான் வழியாக நேரே பேர்பெர்த்யூஸுக்குப் போ. கோடையில் இடி மின்னல் பிற்பகலில்தான் வரும், அதற்குள் அந்த முகட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும். மேல்கோட்டைக்குப் போக செங்குத்துப் பாறையில் வெட்டிய செயின்ட் லூயி படிகள்தான் வழி. சுண்ணாம்புக்கல் பல நூற்றாண்டாகக் கால்பட்டுத் தேய்ந்து பளபளக்கும். பார்க்க அழகு, ஒரு தூறல் விழுந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். வடமேற்கிலிருந்து திரமோந்தான் காற்று பலமாக வீசினால் கோட்டையை அடைத்துவிடுவார்கள். காலையிலேயே டிக்கெட் கவுண்டருக்கு போன் செய்து கேட்டுக்கொள். மேலே நிழல் குறைவு, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்.

வழியெல்லாம் ‘கத்தார் கோட்டை’ என்று பலகை இருக்கும். கத்தார் என்றால் நாடு அல்ல, கத்தோலிக்கத் திருச்சபை மதவிரோதிகள் என்று ஒதுக்கிய இடைக்காலக் கிறிஸ்தவப் பிரிவினர். 1244 மார்ச் 16 அன்று மோன்செகூர் என்ற இன்னொரு கோட்டையின் அடிவாரத்தில் கத்தார்கள் 200 பேருக்கு மேல் உயிரோடு எரிக்கப்பட்டது உண்மை. கெரிபூஸ் விழுந்தது 1255-இல். ஆனால் இன்று நீ தொட்டுப் பார்க்கும் மதில்களில் பெரும்பகுதி, அவர்களை ஒடுக்கிய பிரெஞ்சு அரசர்கள், தெற்கே இருந்த அரகோன் அரசுடனான எல்லையைக் காக்க எழுப்பியவை. பிரான்சும் ஸ்பெயினும் செய்த 1659 உடன்படிக்கையில் எல்லை தெற்கே நகர்ந்தது, கோட்டைகளுக்கு வேலை போயிற்று. இது தெரிந்து பார்த்தால்தான் அந்தக் கற்களுக்கு நியாயம் செய்தவளாவாய்.

கெரிபூஸின் உள்கூடத்தில் கூரை மொத்தத்தையும் ஒற்றைத் தூண் தாங்குகிறது. தூணடியில் நின்று, வளைவுகள் மேலே விரியும் விதத்தை நிதானமாகப் பார்.

மதியச் சாப்பாடு 12-லிருந்து 2-க்குள். பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். ரொட்டியும் பழமும் வண்டியில் இருக்கட்டும்.

இறங்கியதும் ஒரு போன் போடு.

அப்பா